விதை போட்டு வெங்காயம்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

சின்ன வெங்காயத்தைக் காயாக ஊன்றினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. தகராறெல்லாம் விதை போட்டு வளர்ப்பதில்தான். பெல்லாரி என்றாலும், விதையிலிருந்தே வரக்கூடிய கோ 5 மாதிரிச் சின்ன வெங்காயம் என்றாலும், நாற்றுக்கே ஒன்றரை மாதம் போய்விடும். பெல்லாரிக்கு நட்ட பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நாளில் எங்கே வேண்டுமானாலும் சறுக்கலாம். ஆனால் மாடித்தோட்டக்காரர்களும் கொல்லையில் பாத்தி போடுகிறவர்களும் வருஷா வருஷம் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். "வேப்பெண்ணெய் இரண்டு தடவை அடிச்சாச்சு, கேட்கலை" என்பார்கள். "ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் பதில் வராது.

அதனால் கீழே எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதல் வேலை இதுதான்: பாதிக்கப்பட்டதில் ஒன்றையும், பக்கத்தில் நன்றாக இருப்பதில் ஒன்றையும் வேரோடு தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு செடி போனால் போகட்டும், குழம்புக்காவது ஆகும் (மருந்து அடிக்காமல் இருந்தால்). மருந்து, உரம், டானிக் எல்லாம் அதற்கு அப்புறம்.

## விதை முளைக்கவில்லை

வெங்காய விதை நம்ம ஊர்ச் சூட்டில் ஆறிலிருந்து பத்து நாளுக்குள் முளைத்துவிடும். பத்து நாள் வரை கிளறாதீர்கள். அதற்குப் பிறகு குச்சியால் ஓரமாகத் தோண்டி விதையைத் தேடுங்கள்.

### விதையே காணோம்

மண்ணில் சின்னச் சின்னப் பள்ளம் தெரிந்தால் அணில் அல்லது குருவி. வரிசையாக எறும்பு ஓடினால் அதுதான். தட்டின் மேல் நிழல்வலைத் துண்டு போட்டு, தட்டை நான்கு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சுற்றிலும் மஞ்சள்தூள் தூவினால் எறும்பு ஓரளவு விலகும். மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும்.

### விதை போட்டபடியே கருப்பாக, கெட்டியாக இருக்கிறது

ஈரம் போதவில்லை. மேல்மண் ஒரு வேளை காய்ந்தாலும் முளைக்கத் தொடங்கிய விதை செத்துவிடும். மேலே நனைந்த சாக்கு அல்லது வைக்கோல் மூடி, பூவாளியால் காலை மாலை தெளியுங்கள். முதல் முளை தலை காட்டிய அன்றே மூடியதை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டால் நாற்று வெளுத்து நீண்டு, பிறகு நிமிரவே நிமிராது.

சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்த குழித்தட்டு என்றால் சூடும் ஒரு காரணம். மண் 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு அடி வாங்கும். முளைக்கும் வரை தட்டு நிழலில் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

### விதை நசுக்கினால் கூழாக வருகிறது

தண்ணீர் அதிகம், அல்லது விதை பழசு. பெரும்பாலும் இரண்டாவதுதான். வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. காற்றில் ஈரம் உள்ள நம்ம ஊரில் சாதாரணமாக வைத்தால் ஒரு வருஷத்திலேயே முளைப்பு விழுந்துவிடும். ஒரு கிராமில் 250 முதல் 300 விதை வரை இருக்கும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லாததால் மீதியை மடித்து அலமாரியில் வைத்து அடுத்த வருஷம் எடுக்கிறோம். தக்காளி, கத்தரி விதை அதைத் தாங்கும். வெங்காயம் தாங்காது.

சோதனை சுலபம். 20 விதையை ஈரமான பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தினமும் துணி ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டாம் நாள் எண்ணுங்கள்.

- 14 அல்லது அதற்கு மேல் முளைத்தால் விதை நல்ல விதை. சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்பு 70 விழுக்காடு. அதுதான் இந்தக் கணக்கு. கோளாறு உங்கள் மண்ணிலோ தண்ணீரிலோ இருக்கிறது.
- ஏழிலிருந்து பதின்மூன்று என்றால் இரு மடங்கு அடர்த்தியாக விதைத்துச் சமாளிக்கலாம்.
- அதற்கும் கீழே என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புது விதை வாங்குங்கள். பை மேல் பரிசோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும். கடையிலேயே படித்துவிட்டு வாங்குங்கள்.

மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னொரு வருஷம் பார்க்கலாம்.

வீட்டளவுக்கு இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சென்ட் கணக்கில் விதைத்து, தேதி முடியாத சான்று விதை முளைக்காமல் போயிருந்தால் மட்டும் பை, ரசீது, மிச்ச விதை மூன்றையும் எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்ப அங்கே வழி சொல்வார்கள்.

### அங்கொன்று இங்கொன்று முளைக்கிறது

ஆழம் ஒரே அளவில் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. வண்டலும் களியும் கலந்த மண் என்றால் தண்ணீர் தெளித்ததும் மேலே பொருக்கு கட்டும். வெங்காய முளை நேராக ஊசியாக வராது, கொண்டை ஊசி போல மடிந்து முதுகைக் காட்டித்தான் மண்ணைத் தள்ளும். பொருக்கைத் தூக்க அதற்குத் தெம்பு கிடையாது. விதையை மண்ணால் மூடாமல் சலித்த மண்புழு உரத்தால் மூடினால் தீர்ந்தது.

இன்னொன்று. முளைத்தது கீறல் கீறலான மெல்லிய இலையோடு இருந்தால் அது வெங்காயமே இல்லை, கருஞ்சீரகம். மளிகைச் சாமானில் இருந்து எடுத்து விதைத்தவர்களுக்கு இது நடக்கிறது.

## நாற்று முளைத்து, பிறகு சாய்கிறது

சாய்ந்த நாற்றை எடுத்து மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

### தண்டு நூல் மாதிரி சுருங்கி, நீர் கோத்திருக்கிறது

நாற்றழுகல். வட்டமாகப் பரவும், இன்று உள்ளங்கை அளவு, நாளை மறுநாள் பாதித் தட்டு. முதலில் காசில்லாத வேலைகள்: தண்ணீரை நிறுத்துங்கள், சாய்ந்ததைச் சுற்றிலும் இரண்டு விரற்கடை மண்ணோடு வழித்து எடுத்து எறியுங்கள், தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், நெருக்கமான இடங்களைக் கலைத்துவிடுங்கள். மாலையில் தண்ணீர் விடும் பழக்கத்தைக் காலைக்கு மாற்றுங்கள்.

அதிலும் நிற்காவிட்டால் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். அதுவும் கேட்காவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். தாமிர மருந்து போன இடத்தில் நல்ல நுண்ணுயிரும் சாகும்.

அடுத்த தடவைக்கு விதைநேர்த்தி. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) என்பது கணக்கு. வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும், கஞ்சித் தண்ணீர் ஒரு துளி விட்டுப் புரட்டி நிழலில் உலர்த்தி விதையுங்கள். மேட்டுப்பாத்தி அவசியம். ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர மாவட்டத்துக்காரர்கள் நாற்றங்காலைத் திறந்தபடி வைத்திருந்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. மேலே பாலித்தீன் கூரை, பக்கம் திறப்பு, அதுதான் மருந்து.

### தண்டு கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறது

வெட்டுப்புழு அல்லது நத்தை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போனால் ஆளைப் பிடித்துவிடலாம். பகலில் செடிக்கு அருகே ஒரு அங்குல ஆழத்தில் புழு சுருண்டு கிடக்கும். கையால் எடுப்பதைவிட நல்ல வைத்தியம் வீட்டுத் தோட்டத்துக்கு இல்லை.

### காயமே இல்லை, நீண்டு தொங்குகிறது

வெளிச்சம் போதவில்லை. பால்கனிச் சுவர் ஓரம், மாமர நிழல். ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தூக்காமல் நாலைந்து நாளில் படிப்படியாக நகர்த்துங்கள்.

## நட்ட பிறகு நாற்று நிமிரவில்லை

நட்டு மூன்று நான்கு நாள் படுத்துக் கிடப்பது சகஜம். வாரம் கழித்தும் நிமிராவிட்டால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்.

புது வேர் வெள்ளையாக வந்திருந்தால் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும். வேர் பழுப்பாக அப்படியே இருந்தால் ஆழத்தை அளந்து பாருங்கள். அடிக்குமிழ் மண்ணுக்குள் இரண்டு சென்டிமீட்டருக்குமேல் போயிருக்கக் கூடாது. "சாயாமல் இருக்கட்டும்" என்று கழுத்து வரை புதைப்பவர்கள் நிறைய. அப்படிப் புதைத்தால் பிறகு காயும் பெருக்காது.

நாற்று வயதும் பார்க்க வேண்டும். 40 முதல் 45 நாள், சாண் உயரம் வந்தது சரியான நாற்று. இரண்டரை மாதம் தட்டிலேயே இருந்து கிழடானதை நட்டால் அடியில் காய் திரண்டு நின்றுவிடும், அல்லது சீக்கிரமே பூத்துவிடும்.

## இலை நுனி காய்கிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தப்பாக மருந்து அடிக்கப்படுவதும் இதற்குத்தான். ஐந்து காரணங்கள் உண்டு. வரிசையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

### வெளி இலை மட்டும் காய்கிறதா?

அடியிலுள்ள பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகிச் சருகாவது இயற்கை. உள்ளே புது இலை பச்சையாக வந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

### எல்லா இலையிலும் நுனி ஒரே அளவு காய்கிறதா?

தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். முதலில் அளவு. வெங்காய வேர் மேலாப்பிலேயே நிற்பது. மாடியில் ஒரு நாள் மறந்தாலும் நுனியில் காட்டும். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் விடை கிடைத்தது.

ஈரம் இருந்தும் நுனி காய்ந்தால், அடுத்தது உப்பு. காய்கறிகளில் உப்புக்கு ரொம்பவே பயந்தது வெங்காயம். மண்ணின் உப்பு அளவு, அதாவது ஈசி, மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். பக்கத்துத் தொட்டியில் கத்தரியும் கீரையும் கொழுகொழுவென்று இருக்கும், வெங்காயம் மட்டும் கருகும். மண்ணில் கோளாறு இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

தொட்டி ஓரத்திலும் மண் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும். பிறகு தண்ணீரை அளக்க வேண்டும். வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் பார்க்க வருகிறவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். நிமிஷ வேலை, சும்மாவே பார்த்துச் சொல்வார். 500க்குள் இருந்தால் வெங்காயத்துக்குப் பயமில்லை. ஆயிரத்தைத் தாண்டிய போர் தண்ணீரில் வெங்காயம் வளர்ப்பது போராட்டம்தான்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிற வீடுகள் ஏராளம். தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் வருகிறது. அதைக் கொண்டு மாடி கழுவுங்கள், வெங்காயத்துக்கு மட்டும் காட்டாதீர்கள். கழுவாத கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) அதே கதை. கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டிய பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

சரி செய்ய: மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கிடைத்தால் தொட்டி அடியில் வழிந்து ஓடும்படி இரண்டு முறை நிறைய ஊற்றி உப்பை அலசுங்கள். அடியில் துளை அடைபட்டிருந்தால் இது பலிக்காது, முதலில் குச்சியால் குத்தி விடுங்கள். இதெல்லாம் செய்தும் புது இலையும் கருகினால் மண்ணையும் தண்ணீரையும் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் உரம் வாங்கிச் செலவழிப்பது வீண்.

### இலையில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரிகின்றனவா?

இலைப்பேன். வெயில் ஏற ஏற இது பெருகும். உறுதி செய்ய, செடியின் நடுக்குருத்தை இரண்டு விரலால் லேசாக விரித்து, கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். மஞ்சளாக, ரவையைவிட மெல்லிய பொடிகள் தாளில் விழும். ஒரு நிமிஷம் பொறுத்தால் அவை நகரும். நகர்ந்தால் பேன், நகராவிட்டால் தூசி.

அது ஒளிந்திருப்பது இலை முழுக்க அல்ல, இலைகள் கூடும் கவட்டில். அதனால்தான் மேலோட்டமாக அடித்த வேப்பெண்ணெய் வேலை செய்வதில்லை. இன்னொரு காரணம், வெங்காய இலை மேல் இருக்கும் மெழுகு. எதை அடித்தாலும் உருண்டு கீழே விழும். சோப்புக் கரைசலோ ஒட்டுத் திரவமோ கலக்காமல் இந்தச் செடிக்கு எதையும் தெளிக்காதீர்கள்.

- காசில்லாதது: காலையில் குழாய்த் தண்ணீரைக் கவட்டில் வேகமாகப் பீய்ச்சி அடிப்பது. இரண்டு நாளுக்கு ஒரு முறை, பத்து நாள். பாதிப் பேன் இதிலேயே போய்விடும்.
- கொஞ்சம் செலவு: நீல ஒட்டுப்பொறி, செடி உயரத்தில்.
- அடுத்தது: வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு கவட்டுக்குள் இறங்கும்படி. அல்லது வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு இடித்து ஊறவைத்து வடிகட்டியது. வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

இதையும் தாண்டிப் போனால் உரக்கடையில் கேட்டு ஏதோ ஒரு பூச்சிமருந்தை வாங்கி வராதீர்கள். வெங்காயத்தாளையும் சமைக்கிறவர்கள் நாம். தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்ட பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும்.

### புள்ளி விழுந்து, நடுவில் ஊதா நிறமா?

ஊதாக் கொப்புள நோய். வெள்ளையாக அமுங்கிய சின்னப் புள்ளியாகத் தொடங்கி, நீள்வட்டமாக விரிந்து நடுவில் ஊதாவாகும். இலை அந்த இடத்தில் ஒடியும். பனியும் தூறலும் விட்டு விட்டு இருக்கும் நாட்களில் வரும். பாதித்த இலையைக் கிள்ளி எரித்துவிட்டு, இலை நனையாமல் அடியில் தண்ணீர் விடுங்கள். நெருக்கமாக இருந்தால் கலையுங்கள். பாத்தியில் நாலில் ஒரு பங்குச் செடிக்குமேல் பரவினால்தான் பூஞ்சாண மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

### வேரில் இளஞ்சிவப்பு நிறமா?

கழுவிப் பார்த்தால்தான் தெரியும். வேர் ரோஜா நிறமாகிச் சுருங்கியிருந்தால் மண்ணில் தங்கிய பூஞ்சாணம். இதற்கு நடுவில் வைத்தியம் கிடையாது. அந்த மண்ணில் நாலைந்து வருஷம் வெங்காயம், பூண்டு வைக்காதீர்கள். க்ரோ பேக் என்றால் மண்ணைக் கீரைக்கு மாற்றிவிட்டு வேறு மண் நிரப்புங்கள்.

## இலை திருகிச் சுருள்கிறது, கழுத்து நீள்கிறது

பெரம்பலூர், செட்டிகுளம் பக்கத்து வெங்காய விவசாயிகளைக் கேட்டால் இலையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்: திருகல் நோய். சில ஊர்களில் கோழிக்கால் நோய். இலை வெளிர் மஞ்சளாகிச் சுருண்டு திருகும், காய்க்கும் இலைக்கும் நடுவில் கழுத்து வழக்கத்துக்கு மாறாக நீளும். மழையும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில் வேகமாகப் பரவும்.

ஒன்றிரண்டு செடியில் கண்டதுமே பிடுங்கி, வீட்டு உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சரி செய்யுங்கள். ஒரு கிலோ மக்கிய உரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, ஈரத்தில் ஒரு வாரம் வைத்திருந்து மற்ற செடிகளின் அடியில் போடலாம்.

இந்த ஒரு கோளாறில் மட்டும் காத்திருக்காதீர்கள். இரண்டாவது வாரமும் புதுச் செடிகளில் தெரிந்தால், படம் எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவசம், தமிழிலேயே பேசலாம். போனில் "இலை சுருளுது" என்று மட்டும் சொன்னால் பேன் மருந்து சொல்லிவிடுவார்கள்; கழுத்து நீண்டிருப்பதையும், எத்தனை நாள் பயிர், என்ன ரகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

## இலை செழிப்பாக இருக்கிறது, காய் பிடிக்கவில்லை

நட்டு இரண்டரை மாதமாகியும் அடியில் விரல் தடிமன்தான் என்றால் கவலைப்படலாம். அதற்கு முன் வேண்டாம். பிடுங்காமலே பார்க்கலாம்: கழுத்தைச் சுற்றி மண்ணை விரலால் ஒதுக்கினால் தோள் தெரியும்.

### ரகம் எது?

முதல் கேள்வி இதுதான். காய் திரள்வது பகல் நீளத்தைப் பொறுத்தது. சென்னையில் வருஷத்தின் மிக நீளமான பகலே 13 மணி நேரத்தை எட்டாது. ஐரோப்பா, வட அமெரிக்காவின் வடபகுதிக்கான ரகங்கள் 14 மணி நேரத்துக்குமேல் பகல் இருந்தால்தான் காய் கட்டும். வாலா வாலா, ஸ்வீட் ஸ்பானிஷ் என்று ஆன்லைனில் அழகான படத்தோடு விற்கும் விதையை இங்கே போட்டால் ஐந்து மாதம் வெங்காயத்தாள் அறுக்கலாம், அவ்வளவுதான். உரத்தால் இது சரியாகாது. தாளாகவே சமைத்துச் சாப்பிட்டு, இடத்தைக் காலி செய்யுங்கள்.

நம்ம ஊர் ரகமாகவே இருந்தும் பருவம் மாறியிருக்கலாம். அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட், என் 53, அர்கா கல்யாண் எல்லாம் மழைக்காலப் பயிருக்கானவை. அக்ரிஃபவுண்ட் லைட் ரெட், அர்கா நிகேதன் பின்பட்டத்துக்கு, அதாவது மழை ஓய்ந்த பிறகு நடுவதற்கானவை. "நாசிக் வெங்காயம்" என்று மட்டும் பெயர் போட்டுப் பொட்டலம் கட்டிய விதையில் எது இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. ரகப் பெயர் அச்சிடாத விதையை வாங்காமல் இருப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

### வெயில் எவ்வளவு?

ஆறு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும். பக்கத்து வீட்டு மாடி எழும்பியதால் போன வருஷம் வெயில் வந்த இடத்தில் இந்த வருஷம் வராமல் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு தடவை போய்ப் பார்த்து எழுதி வையுங்கள்.

### என்ன ஊற்றுகிறீர்கள்?

கழுத்து தடித்து, இலை கரும்பச்சையாக, கீழே காய் இல்லாமல் இருந்தால் தழைச்சத்து அதிகம். வாரா வாரம் மீன் அமிலம், நடுநடுவே பஞ்சகவ்யம், போதாததற்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசல். நட்ட முதல் ஒன்றரை மாதம்தான் தழைச்சத்து கேட்கும் காலம். அதில் எட்டு, பத்து இலை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு இலையும் காய்க்குள் ஒரு வளையம், அதனால் இலை குறைந்தால் காயும் சிறுக்கும். அதற்கு மேல் ஊற்றுவது இலைக்குத்தான் போகும். உடனே நிறுத்தினால் மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும்.

### மண் அணைத்தீர்களா?

மற்ற பயிருக்கு மண் அணைப்பதைப் பார்த்து இதற்கும் செய்கிறோம். பெல்லாரி மண்ணுக்கு மேலே தோள் காட்டித்தான் பெருக்கும். அணைத்த மண்ணை ஒதுக்கிவிடுங்கள், வேர் தெரியாத அளவுக்கு.

### இடைவெளி?

பெல்லாரிக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10. ஒரு க்ரோ பேக்கில் முப்பது நாற்றை அமுக்கியிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றைத் தாளாகப் பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். மீதி பெருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்து, வளர்ச்சியே நின்றுபோன மாதிரி இருந்தால் மண் பரிசோதனை. கார அமில நிலை 6க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் நல்லது. அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்ட தொட்டிகளில் அது எட்டரைக்குப் போய் நிற்பதுண்டு.

## காய் பெருக்கும் முன்னே பூத்தண்டு வந்துவிட்டது

ஒன்றிரண்டு செடியில் வந்தால் விட்டுவிடுங்கள். நிறைய வந்தால் மூன்று காரணம்: நாற்று கிழடானது, மார்கழி தைக் குளிர், அல்லது ரகம். ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் குளிர் முதல் காரணம். சமவெளியில் பெரும்பாலும் நாற்றின் வயது. கோ 5 இயல்பிலேயே தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் ரகம், அதில் பூத்தண்டைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மொட்டு விரியும் முன் தண்டை அடியில் ஒடித்துப் பொரியலில் போடுங்கள். ஒடித்தாலும் அந்தக் காயின் நடுவில் கட்டையான தண்டு இருக்கும், வைத்திருந்தால் கெடும். அறுவடையில் தனியாக ஒதுக்கி முதல் வாரமே செலவழித்துவிட வேண்டும்.

## காய் இரண்டாகப் பிரிகிறது, தோல் வெடிக்கிறது

சின்ன வெங்காயம் என்றால் பிரிவதுதான் அதன் குணம். பெல்லாரியில் என்றால் தண்ணீர்: காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றுவது. ஒரே சீராக விடுங்கள். முழு வைத்தியமும் அவ்வளவுதான்.

## செடி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகிறது

அடியைப் பாருங்கள்.

### வேர்த்தட்டில் வெள்ளைப் பூஞ்சாணம், வேர் உதிர்ந்திருக்கிறது

அடியழுகல். அந்தச் செடியையும் சுற்று மண்ணையும் அகற்றுங்கள். வடிகால் சரியா பாருங்கள். மற்றவற்றுக்கு டிரைக்கோடெர்மா கலந்த மக்கிய உரம். காய் கொஞ்சம் திரண்டிருந்தால் மீதியைச் சீக்கிரமே அறுத்துவிடுவது லாபம்.

### காய்க்குள் வெள்ளைப் புழு நெளிகிறது

வெங்காய ஈ இட்ட முட்டையிலிருந்து வந்தது. மக்காத சாணமும் சமையலறைக் கழிவும் நேரடியாக மண்ணில் போட்டிருந்தால் ஈயை நாமே கூப்பிட்டதுபோல. புழு உள்ள செடிகளை எடுத்துக் கொதிநீரில் போட்டு அழியுங்கள். மண்ணில் வேப்பம்பிண்ணாக்கு கலந்துவிடுங்கள்.

### அழுகலும் இல்லை, புழுவும் இல்லை, வேர் கடிபட்டிருக்கிறது

கரையான் அல்லது வேர்ப்புழு. அரை அடி தோண்டினால் தெரியும். தோட்டம் முழுக்கக் கரையான் என்றால் வீட்டுச் சுவரிலும் பார்த்துவிடுங்கள். அங்கேயும் மண்கோடு ஏறியிருந்தால் கரையான் ஒழிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது.

## அறுவடை செய்தது வீட்டில் அழுகுகிறது

தவறு அழுகும் இடத்தில் இல்லை, அறுத்த வாரத்தில் இருக்கிறது.

கழுத்து ஈரமாக அழுகினால்: தாள் சாய்வதற்கு முன் அறுத்திருப்பீர்கள், அல்லது கடைசி வரை தண்ணீர் விட்டிருப்பீர்கள். பாதிக்குமேல் செடி கழுத்து ஒடிந்து சாய வேண்டும். அறுப்பதற்குப் பத்து நாள் முன் தண்ணீர் கட்.

தோலுக்கு அடியில் கருப்புப் பொடி: கரும்பூஞ்சாணம். மேல் தோல் மட்டும் என்றால் உரித்துக் கழுவிச் சமைக்கலாம். உள் வளையம் வரை போயிருந்தால் எறியுங்கள். நிழலில் காற்றாட ஒரு வாரம் தாளோடு பரப்பி, கழுத்து சுருங்கிக் காய்ந்த பிறகு இரண்டு சென்டிமீட்டர் விட்டுத் தாளை வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் அதுதான் பூஞ்சாணத்துக்கு வாசல். வெயிலில் நேராகக் காயப் போட்டால் தோள்பட்டை வெந்துவிடும்.

முளை விட்டால்: மழைக்கால ரகங்கள் நெடுநாள் தாங்காது, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வைத்திருக்க வேண்டுமானால் பின்பட்ட ரகம். பிளாஸ்டிக் கவரும் மூடிய டப்பாவும் ஆகாது. வெங்காய விவசாயிகள் பட்டறை போடும்போது தரையிலிருந்து தூக்கி, நாலா பக்கமும் காற்றுப் போகத் தட்டி கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்கிறார்கள். வீட்டுக்கு அதே கணக்கில் வலைப்பையில் போட்டு, சமையலறைக்கு வெளியே உத்தரத்தில் தொங்கவிட்டால் போதும். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள். கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் முதலில் கெடும்.